400 பேரிடம் சர்வே எடுத்தால் பி.எச்டி.க்குப் போதுமா?

கேள்வியின் சுருக்கம் இது: அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட முதலாண்டு. தலைப்பு, மகளிர் உரிமைத் தொகையும் 2024 மக்களவைத் தேர்தலில் பெண்களின் வாக்கும். 400 பெண்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் கை-வர்க்கச் சோதனை (இரண்டு விவரங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்ப்பது) போடுவதாக முறையியல் அத்தியாயம் எழுதியாகிவிட்டது. இது போதுமா?

போதாது. அதற்காக 400ஐ 1,000 ஆக்கினாலும் சரியாகிவிடாது. உங்கள் திட்டத்தில் யாரை யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதே இல்லை. அது முடிவாகாமல் வினாப்பட்டியல் அடிப்பது, அளவெடுக்காமல் துணி வெட்டுகிற வேலை.

முதலில் அந்த 400ஐப் பார்ப்போம். தமிழ்நாட்டு ஆய்வேடுகள் பலவற்றில் இந்த எண்ணைப் பார்க்கலாம். எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று கணக்கிடும் யமானே வாய்பாட்டில் பிழை வரம்பை (விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவை) 5 சதவீதம் என்று வைத்தால், மக்கள்தொகை எவ்வளவு பெரிதானாலும் விடை 400ஐத் தாண்டாது. ஆனால் அந்த வாய்பாடு, மாநிலம் முழுவதிலிருந்தும் ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்ததாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. நீங்கள் செய்யப்போவது 20 வாக்குச்சாவடிகளைத் தேர்ந்து, சாவடிக்கு 20 பேரைப் பார்ப்பது. ஒரே தெருவில் இருப்பவர்கள் சாதியிலும் தொழிலிலும் கட்சியிலும் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். இருபதாவது பெண் சொல்வதில் புதிய செய்தி கொஞ்சம்தான் இருக்கும். இந்த ஒற்றுமையைக் குறிக்கும் கெழு வெறும் 0.05 என்று வைத்தாலும், 1 + (19 × 0.05) = 1.95. 400ஐ இதனால் வகுத்தால் 205. அதாவது நீங்கள் 400 வீட்டுக் கதவைத் தட்டினாலும் கையில் இருப்பது 205 பேருக்கான தகவல்தான். பிழை வரம்பு 5 அல்ல, கிட்டத்தட்ட 7.

இதுவும் மொத்தச் சதவீதத்துக்குத்தான். உங்களுக்கு வேண்டியதோ தொகை வாங்குபவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசம். 240 பேர் வாங்குபவர்கள், 160 பேர் வாங்காதவர்கள் என்று வந்தால், வித்தியாசத்தின் பிழை வரம்பு சாதாரணக் கணக்கிலேயே 10 புள்ளி. சாவடி சாவடியாகக் கொத்தாக ஆள் எடுப்பதையும் சேர்த்தால் 14. திட்டம் 8 புள்ளி வாக்கை நகர்த்தியிருந்தாலும் உங்கள் ஆய்வின் கண்ணில் அது படாது. 400 பேருக்கு மேல் முடியாது என்றால் சாவடிக்கு 20 பேர் என்பதை 10 ஆக்கி, சாவடிகளை 40 ஆக்குங்கள். செலவு கூடும், ஆனால் அதே 400ஐ வகுக்கும் எண் 1.95இலிருந்து 1.45க்கு இறங்கி, 276 பேருக்கான தகவல் கிடைக்கும்.

பெயர் எடுப்பதற்கு வாக்காளர் பட்டியலே போதும். ஒரு பாகத்தில் (ஒரு சாவடிக்கான பட்டியலில்) பெண்கள் 480 பேர் என்றால், 10 பேருக்கு இடைவெளி 48. 1 முதல் 48க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி, அங்கிருந்து ஒவ்வொரு 48ஆவது பெயரையும் எடுங்கள். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று கள உதவியாளர்களுக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். பகல் 11 மணிக்குக் கதவைத் திறப்பவர் நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போகாதவர். மாற்றாள் எடுக்க எடுக்க உங்கள் மாதிரி முதியவர்களாலும் வீட்டில் இருப்பவர்களாலும் நிறைந்துவிடும். வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை போய்ப் பாருங்கள். அப்படியும் அகப்படாதவரை 'கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். இறந்தவர், குடிபெயர்ந்தவர், மறுத்தவர் மூன்றையும் தனித்தனியாக எண்ணி ஆய்வேட்டில் போடுங்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

இனி ஒப்பீடு. தொகை வாங்குபவர்களை வாங்காத எல்லாரோடும் ஒப்பிட்டால் திட்டத்தை அளக்க மாட்டீர்கள், வசதியைத்தான் அளப்பீர்கள். 2023இல் வகுத்த விதிகளின்படி குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். கார் வைத்திருப்போரும் வருமான வரி கட்டுவோரும் விலக்கு. ஆகவே இரு தரப்பும் திட்டம் வருவதற்கு முன்பே வேறு வேறு மாதிரி வாக்களித்தவர்களாக இருக்கலாம்.

சரி, விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களோடு ஒப்பிடலாமே என்று தோன்றும். ஏறக்குறைய 1.63 கோடி விண்ணப்பங்களில் தொடக்கத்தில் ஏற்கப்பட்டவை சுமார் 1.06 கோடி, மறுக்கப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. இது முன்னதைவிட எவ்வளவோ நல்ல ஒப்பீடு. ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மறுக்கப்பட்ட பெண் வெறுமனே பணம் வராதவர் அல்லர். "அவளுக்கு வருது, எனக்கு ஏன் வரல" என்று கேட்டுக்கொண்டிருப்பவர். இரு தரப்புக்கும் 12 புள்ளி வித்தியாசம் வந்தால், அதில் நன்றி எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் விண்ணப்பிக்கவே இல்லாத, ஆனால் தகுதி இருந்த பெண்கள் என்று மூன்றாவது தரப்பும் வேண்டும். மேல்முறையீட்டில் பிறகு சேர்க்கப்பட்டவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும் மறக்காதீர்கள். அவர்களை எந்தப் பக்கம் சேர்த்தாலும் கணக்கு கலங்கும்.

முறையியல் பாடத்தில் வெட்டுப்புள்ளி வடிவமைப்பு படித்திருப்பீர்கள்: தகுதிக் கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கமும் சற்று அந்தப் பக்கமும் இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நிற்பது. விதிகளைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வருமானக் கோடு உதவாது. சொல்வதுதான் வருமானம், எல்லாரும் 2.5 லட்சத்துக்குக் கீழேயே சொல்வார்கள். வயதுக் கோடு நேர்மையானது, 15.9.2002க்கு முன் பிறந்திருக்க வேண்டும். பிறந்த தேதியை யாரும் நகர்த்த முடியாது. ஆனால் ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர்தான், அதிலும் குடும்பத் தலைவி. 21 வயதில் குடும்பத் தலைவியாக இருப்பவர்கள் எத்தனை பேர் அகப்படுவார்கள்? மிஞ்சுவது மின்சாரம். அறிவிப்புக்கு முன்பே ஓடி முடிந்த மீட்டரைத் திருத்த முடியாது என்பதால் மூன்றில் இதுவே உருப்படியானது. வாயால் கேட்டால் யாருக்கும் 'ஆண்டு யூனிட்' தெரியாது, ஈ.பி. கார்டில் ரீடிங் எழுதியிருந்தால் அந்த ஆண்டின் ஆறு பதிவுகளைக் கூட்டிக்கொள்ளலாம். சிக்கல் எங்கே வரும் என்றால், 3,600 யூனிட் என்பது இரண்டு மாதத்துக்கு 600. அதை ஒட்டி 3,400க்கும் 3,800க்கும் நடுவில் விழும் வீடுகள் 400 பேர் மாதிரியில் விரல்விட்டு எண்ணும் அளவே தேறும். அகப்படுபவர்களும் நடுத்தர வர்க்கம். அவர்களிடம் காண்பதை ஏழைப் பெண்கள் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் செய்யவில்லை என்று இரண்டு பக்கம் எழுதுங்கள், அது வீண் போகாது.

"களத்துக்கே போகாமல் சாவடி வாரியான முடிவுகளை வைத்துச் செய்யலாமா" என்று இன்னொரு வழியும் கண்ணில் படும். வாக்கு எண்ணிக்கையின் முடிவுத் தாளான படிவம் 20இல் ஒவ்வொரு சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பது இருக்கிறது. 2019, 2024 இரண்டும் மக்களவைத் தேர்தல், தொகுதி எல்லையும் மாறவில்லை. செய்யலாம், ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும். சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் நகரும். எண்ணை வைத்து இணைக்காமல், பாகத்துக்குள் வரும் தெருப்பெயர்களை வைத்து இணையுங்கள். தபால் வாக்கு சாவடிக் கணக்கில் வராது. பயனாளிகளை ரேஷன் கடை வாரியாக எண்ணினால், கடையின் எல்லையும் சாவடியின் எல்லையும் ஒன்றல்ல. இரண்டையும் ஊராட்சி அல்லது வார்டு அளவுக்கு உயர்த்தித்தான் பொருத்த முடியும்.

அதைவிடப் பெரியது, ஊரைப் பார்த்து ஆளைப் பற்றிச் சொல்லும் பிழை. 1950இல் சமூகவியலாளர் ராபின்சன் இதை அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் காட்டினார். மாநில அளவில் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள இடத்தில் எழுத்தறியாமை குறைவு, தொடர்புக் கெழு −0.53. ஆள் அளவில் பார்த்தால் +0.12, வெளிநாட்டில் பிறந்தோரிடம்தான் எழுத்தறியாமை சற்று அதிகம். குடியேறியவர்கள் படிப்பறிவு கூடிய மாநிலங்களில் போய்த் தங்கியதால் குறியே தலைகீழானது. உங்கள் கதையிலும் அப்படி நடக்கலாம். பயனாளிகள் அதிகமுள்ள ஊராட்சியில் திமுக கூட்டணிக்கு வாக்கு கூடியிருந்தால், கூட்டியவர்கள் பயனாளிப் பெண்கள்தான் என்று அதிலிருந்து வராது. வாக்குச்சாவடிப் பட்டியலில் 'அனைத்து வாக்காளர்கள், ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும்' என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் பகுதியில் 'பெண்கள் மட்டும்' என்று ஏதாவது சாவடி குறிக்கப்பட்டிருந்தால் விட்டுவிடாதீர்கள். பெண்களின் வாக்கு மட்டும் தனியாகத் தெரியும் இடம் அதுதான்.

காலத்தை வைத்து 'முன்-பின்' ஒப்பீடு செய்யும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். திட்டம் தொடங்கியது 15.9.2023. அதிமுக பாஜக கூட்டணியை விட்டு விலகியது 25.9.2023. பத்தே நாள். 2019இல் திமுக கூட்டணிக்கு எதிரில் அதிமுகவும் பாஜகவும் ஒரே கூட்டணி, 2024இல் அது இரண்டாகப் பிரிந்து நின்றது. வாக்கு விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் எது காரணம் என்று சொல்ல வழியில்லை. திமுக கூட்டணி வென்ற இடங்களும் உதவாது: 2019இல் 39க்கு 38, 2024இல் 39க்கு 39. ஏற இடமே இல்லாத அளவுகோல்.

இனி வினாப்பட்டியல். "உரிமைத் தொகை கிடைத்ததால் திமுகவுக்கு வாக்களித்தீர்களா?" என்று ஒரு கேள்வி கட்டாயம் போட்டிருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். காரணகாரியம் கண்டுபிடிப்பது உங்கள் வேலை, அந்த அம்மாவுடையது அல்ல. வாக்கு பற்றிய கேள்வி முன்னால் வரட்டும், தொகை பற்றியது வெகு பின்னால் வரட்டும். மாற்றி வைத்தால் முதல் கேள்வியே இரண்டாவதற்கு விடை சொல்லிக் கொடுத்துவிடும். "இந்தப் பணத்தை யார் குடுக்குறாங்க?" என்று விருப்பம் எதுவும் தராமல் கேட்டு, சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். மத்திய அரசு, மாநில அரசு, கட்சி, முதல்வர், ரேஷன் கடை எதுவாகவும் இருக்கட்டும். கொடுப்பவர் யார் என்று தெரியாதவரிடம் நன்றி வாக்கு இருக்க முடியாது. உங்கள் கருதுகோள் தாண்டியே தீர வேண்டிய தடை இது. தாண்டவில்லை என்றால் மேற்கொண்டு போக வேண்டியதில்லை. தாண்டினாலும் நிரூபணம் ஆகிவிடாது. அதற்குக் கையும் களவுமாகப் பிடித்தது போன்ற சான்று வேண்டும்: முன்பு வேறு கட்சிக்கு வாக்களித்த பெண், எப்போது, யாரிடம் பேசியபின் மாறினார் என்ற தடயம். அதற்கு 15 நீண்ட நேர்காணல்கள் 400 படிவங்களைவிட அதிகம் தரும். அந்தப் 15 பேரையும் திமுக ஜெயித்த சாவடியிலிருந்தே எடுத்துவிடாதீர்கள். பணம் வாங்கியும் மாறாத பெண்களைப் பார்க்காவிட்டால், மாறியவர்களிடம் கண்டது எதையும் காரணம் என்று சொல்ல முடியாது.

2019இல் யாருக்குப் போட்டீர்கள் என்று இப்போது கேட்பதில் பயன் குறைவு. ஞாபகம் இன்றைய கட்சியோடும் ஜெயித்த கட்சியோடும் ஒத்துப்போய்விடும். மறைமுகமாகக் கேட்கும் பட்டியல் சோதனை ஒன்றுண்டு: பாதிப்பேருக்கு நான்கு வாக்கியம், மீதிப்பேருக்கு அவற்றோடு நேரே சொல்லத் தயங்கும் ஐந்தாவது ஒன்று, எத்தனை பொருந்தும் என்ற எண்ணை மட்டும் கேட்டு இரு சராசரிகளின் வித்தியாசத்தைப் பார்ப்பது. அழகான முறைதான், ஆனால் தரப்புக்கு 200 பேர் என்றால் பிழை வரம்பு 20 புள்ளியை ஒட்டி நிற்கும். அதற்குப் பதில், சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டும் மூடிய பெட்டியும் எடுத்துப் போங்கள். தேர்தல் கருத்தாய்வுகள் நடத்தும் லோக்நீதி அமைப்பின் ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இதுவே.

அறிமுகப் பேச்சையும் எழுதிப் பழகுங்கள். கையில் படிவத்தோடு வந்து உரிமைத் தொகை பற்றிக் கேட்பவரைத் தாலுகா ஆபீஸ் ஆள் என்றுதான் நினைப்பார்கள், "பேரை எடுத்துருவீங்களா?" என்ற பயம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் விடை எல்லாம் ஆட்சியைப் புகழ்வதாகவே இருக்கும். "அம்மா, நான் காலேஜ்ல படிக்கிறேன், அரசாங்கத்துல இருந்து வரல, நீங்க சொல்றதால பணம் கூடாது, நிக்காது" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் அதையும் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியுங்கள். பெயரும் கைபேசி எண்ணும் விடைகள் உள்ள கோப்பில் இருக்கக் கூடாது. வரிசை எண் மட்டும் இரண்டுக்கும் பாலமாக இருக்கட்டும்.

முழுக் களத்துக்கு முன் இரண்டு சாவடியில் 30 பேரிடம் ஓட்டிப் பாருங்கள். வாக்குக் கேள்விக்கு 10 பேருக்கு மேல் வாய் திறக்கவில்லை என்றால் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். பிறகு வழிகாட்டியிடம் போய், தலைப்பை 'மறுக்கப்பட்ட விண்ணப்பமும் பெண்களின் வாக்கும்' என்று சுருக்க முடியுமா என்று கேளுங்கள். 400 பேரைக் கொண்டு விடை காண வாய்ப்புள்ள கேள்வி அதுதான்.