ஃபியூச்சுராமா என்கிற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் லீலாவுக்கு இரண்டாவது கண் வைக்கிற எபிசோட் அவ்வளவு நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்களே, ஏன்?

சாலி என்கிற அனாதைக் குழந்தையின் நெற்றியில் இருக்கிற காதுதான் காரணம். பலர் நினைப்பதுபோல, லீலாவோடு வேலை பார்க்கிற ஃப்ரை சொல்கிற புத்திமதி இல்லை. (கதையை முழுக்க உடைக்கப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

எபிசோட் பெயர் 'தி சைபர் ஹவுஸ் ரூல்ஸ்'. 2001 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் வந்தது. எழுதியவர் லூயிஸ் மார்ட்டன். லீலா விண்கல கேப்டன், நடு முகத்தில் ஒற்றைக் கண். தான் வளர்ந்த அனாதை இல்லத்தில் பழைய பிள்ளைகள் ஒன்றுகூடுகிறார்கள் என்றதும், அன்று கேலி செய்தவர்கள் முன்னால் இன்று நிமிர்ந்து நிற்கலாம் என்று போகிறாள். பழைய கேலியேதான் மறுபடி கிடைக்கிறது. அங்கே அட்லாய் அட்கின்ஸ் வருகிறான். அதே இல்லத்துப் பையன், இப்போது 'ஃபேசர்' என்கிற கற்பனைக் கதிரால் கண் சிகிச்சை செய்கிற டாக்டர். இன்னொரு கண் வைத்துவிடலாம் என்கிறான், வைத்தும் விடுகிறான். காதல் ஆரம்பிக்கிறது.

அட்லாய் கெட்டவன் இல்லை என்பதைக் கவனியுங்கள். மரியாதையானவன், நல்ல வேலையில் இருப்பவன். ஆனால் அவன் கண்ணுக்கு வித்தியாசம் என்பதெல்லாம் ரிப்பேர் வேலை. அவனைக் கொடூரனாக எழுதியிருந்தால் லீலா விலகுவதில் ஆச்சரியமே இருக்காது. ஃப்ரை முதலிலிருந்தே வேண்டாம் என்கிறான், நீ சாதாரணத்தைவிட ஒரு படி மேலே இருந்தாய் என்கிற பொருளில் ஒரு நல்ல வசனமும் அவனுக்கு உண்டு. எடுபடவில்லை. எடுபடவும் கூடாது. அவனுக்கு அவள் மேல் ஆசை, அதோடு தெருவில் எல்லோரும் முறைக்கிற வலி அவனுக்குத் தெரியாது.

திருப்பம், லீலாவும் அட்லாயும் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்கப் பார்க்கிற காட்சியில் வருகிறது. நெற்றியில் மூன்றாவது காதும் ஒரு வாலும் உள்ள சாலியை லீலா தேர்ந்தெடுக்கிறாள். அட்லாய்க்கு 'நார்மல்' குழந்தைதான் வேண்டும். இல்லையென்றால் இவளையும் ஆபரேஷன் செய்து சரியாக்கிவிடலாம் என்கிறான். லீலாவுக்குச் சுருக்கென்று தைக்கிறது. தன் முகத்துக்காகக் கேட்கத் தோன்றாத கேள்வியைக் குழந்தைக்காகக் கேட்டுவிடுகிறாள். பிறகு அவனையே இன்னொரு ஆபரேஷன் செய்ய வைத்து, பழைய ஒற்றைக் கண்ணுக்குத் திரும்புகிறாள்.

சாலிக்கும் ஒற்றைக் கண் கொடுத்திருந்தால் இந்தக் காட்சி படுத்திருக்கும், லீலா தனக்காக வாதாடுவதுபோல ஆகியிருக்கும். காது வேறு, கண் வேறு என்பதால்தான் பேச்சு ஒரு உறுப்பைத் தாண்டிப் போகிறது.

படம் வரைந்த விதத்திலும் ஒரு வேலை நடக்கிறது. இந்தத் தொடரில் மனிதர்களுக்குக் கண் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளை உருண்டை, நடுவில் புள்ளி. லீலாவுக்கும் அது வந்ததும் அவள் முகம் கூட்டத்தில் ஒரு முகமாகிவிடுகிறது. என்ன போயிற்று என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது.

இவர்களோடு இருக்கிற ரோபோ பெண்டரின் கிளைக்கதையும் வெறும் சிரிப்புக்கு வைத்தது இல்லை. ஒரு குழந்தைக்கு வாரம் 100 டாலர் அரசு உதவித்தொகை என்று கேட்டதும் அதே அனாதை இல்லத்திலிருந்து 12 பேரைத் தத்தெடுக்கிறான். 1,200 டாலர் வரும் என்று கணக்கு. சாப்பாட்டுச் செலவு அதைத் தாண்டுகிறது. கடைசியில் போலீஸ் படிக்கிற குற்றப் பட்டியலில் குழந்தைகளை உணவாக விற்றதும் இருக்கிறது, கால்நடையின் எடையைத் தப்பாகச் சொன்னதும் இருக்கிறது! அட்லாய் குழந்தையை அழகு பார்த்து எடைபோடுகிறான், பெண்டர் காசு பார்த்து. சாலி அந்த இல்லத்துப் பிள்ளை என்பதால் இரண்டு கதையும் ஒரே இடத்தில் முட்டுகின்றன.

குறையும் உண்டு, சின்னதில்லை. லீலா சாலியை வளர்ப்பதில்லை. அவள் மனம் மாற ஒரு குழந்தை தேவைப்பட்டது, மாறியதும் கதை அந்தக் குழந்தையை விட்டுவிடுகிறது. அடுத்த வாரம் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்கிற சிட்காம் கட்டாயம்தான்.

பார்ப்பதானால் இதற்கு முன் 'எ பைசைக்ளாப்ஸ் பில்ட் ஃபார் டூ' (2000) பாருங்கள். அதில் ஒற்றைக் கண் ஆள் ஒருவன் கிடைத்துவிட்டான் என்று லீலா கல்யாணம் வரை போகிறாள், அவன் உருவம் மாற்றுகிற மோசடிக்காரன். இதற்குப் பின் 'லீலாஸ் ஹோம்வர்ல்ட்' (2002). தான் வேற்றுக்கிரகவாசி என்று அவள் நம்பியது பொய் என்பது அதில்தான் வெளியாகிறது. அவளைப் பெற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கண்தான்.