மீனைக் கடைசியாக வாங்குங்கள்: புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு

கேள்வி: வார இறுதியில் சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போக இருக்கிறோம். பையனுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணமும் ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ்ஷும் போதும் என்று நினைக்கிறோம். தொட்டிதான் வேண்டும் என்றால் என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: கிண்ணம் வேண்டவே வேண்டாம். கோல்டு ஃபிஷ் நன்றாக வளர்ந்தால் அரையடிக்கு மேல் வரும். கழிவும் நிறைய போடும். ஐந்து லிட்டர் தண்ணீரில் அது வாழாது, மெல்லச் சாகும். அதே சந்தையில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் தொட்டி கிடைக்கும். விளிம்பு வரை 54 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போகச் சுமார் 45 லிட்டர் நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதுதான் சரியான அளவு. தண்ணீர் கூடக் கூட அதன் தன்மை சட்டென்று மாறாது. அதனால் சின்னத் தொட்டியை விட இதைப் பராமரிப்பது சுலபம்.

கண்ணாடியும் கல்லும் தண்ணீருமாக 60 கிலோவைத் தாண்டும். பார்டிகிள் போர்டு டிவி ஸ்டாண்டில் வைக்காதீர்கள். தண்ணீர் பட்டால் அது உப்பிவிடும். அடியில் தெர்மாகோல் ஷீட் கட்டாயம் வேண்டும். தரையில் சிறு மேடு இருந்தாலும் அடிக்கண்ணாடி விரிசல் விடும். வாங்கி வந்ததும் தொட்டியை மொட்டை மாடியிலோ வாசலிலோ சமதளத்தில் வைத்து, நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். மூலைகளில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். சிலிக்கான் வினிகர் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் போதும். குஞ்சுகளை உறிஞ்சாது, கெட்டுப்போகவும் அதில் அதிகம் ஒன்றுமில்லை. பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூப்பில் ஒரு செக் வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது தொட்டித் தண்ணீர் டியூப் வழியாக இறங்கிப் பம்ப்புக்குள் போய்விடும். வால்வை வாயால் ஊதிப் பாருங்கள். எந்த முனையில் ஊதினால் காற்று போகிறதோ அந்த முனை பம்ப் பக்கம் வர வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கு ஹீட்டர் தேவை. சென்னையில் கப்பி, மோலி வளர்க்க அந்தச் செலவு வீண்.

கேள்வி: தொட்டி வைத்த மறுநாளே பத்து மீன் விட்டோம். ஒரு வாரத்தில் ஆறு செத்துவிட்டன. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் நன்றாகக் கழுவுகிறோம். கடைக்காரர் மூன்று மருந்து கொடுத்திருக்கிறார். எதை ஊற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் ஊற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோயில்லை, அம்மோனியா. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் கொல்லும். நைட்ரேட்டை மீன் ஓரளவு வரை தாங்கும். இந்தப் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவும்போதெல்லாம் அவற்றையும் கொன்றுவிடுகிறீர்கள். மறுநாள் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை கூடியது. காரமும் சூடும் ஏற ஏற அதே அளவு அம்மோனியாவின் விஷம் அதிகமாகும். மே மாதத்தில் புதுத் தொட்டிகள் காலியாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மிச்சமுள்ள நான்கைக் காப்பாற்ற, தினமும் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் பாட்டிலில் போட்டிருக்கும் அளவைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். தீனி இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்து மாட்டுங்கள். அது பழுப்பாக இருப்பதுதான் நல்லது. மூன்று மருந்துக்குக் கொடுத்த காசில் ஒரு டெஸ்ட் கிட் வாங்கியிருக்கலாம். பட்டை வகையை விடச் சொட்டு மருந்து வகை துல்லியமானது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்ஜியம் காட்டும்வரை புது மீன் விடாதீர்கள். அதன் பிறகும் ஒரு தடவைக்கு மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம்.

இனி புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் மீன் இல்லாமலே இதை முடித்துவிடலாம். ஃபில்டரை ஓட விட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுக விடுங்கள். நோயில்லாமல் ஓடும் பழைய தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அவர்களுடைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். வழக்கமாக ஆகும் நாட்களில் பாதியிலேயே வேலை முடியும்.

கேள்வி: மஞ்சள் ஆப்பிள் நத்தை இரண்டு வாங்கினேன். ஓட்டில் வெள்ளை வெள்ளையாகக் குழி விழுகிறது. நேற்று கண்ணாடியின் மேல்பக்கம் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

பதில்: கேன் தண்ணீர்தான் காரணம். ஆர்.ஓ. செய்த தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதில் நத்தை ஓடு கட்ட முடியாது, கட்டிய ஓடும் அரிக்கும். வாராவாரம் மாற்றும் கால்வாசித் தண்ணீரைப் போர் தண்ணீராக ஊற்றிப் படிப்படியாக மாறுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது. தீப்பெட்டி அளவு துண்டைக் கொதிக்க வைத்துப் போட்டால் மூழ்கிக் கிடக்கும், நத்தை மெல்லச் சுரண்டித் தின்னும். விழுந்த குழி ஆறாது. புதிதாக வளரும் விளிம்பு வழுவழுப்பாக வந்தால் சரியாகிவிட்டது. வெள்ளரி வில்லையோ இரண்டு நிமிடம் வேகவைத்த கீரையோ கொடுங்கள், ஒரு நாளுக்கு மேல் விடாமல் எடுத்துவிடுங்கள்.

அந்தக் கொத்து முட்டை. ஆப்பிள் நத்தையில் ஆண், பெண் தனித்தனி. ஆனால் பெண் நத்தை ஒருமுறை சேர்ந்தபின் மாதக்கணக்கில் விந்தைச் சேமித்து வைக்கும் என்பதால், ஒரேயொரு நத்தை வாங்கியவர் வீட்டிலும் முட்டை வரும். தண்ணீருக்கு மேலேதான் இடும். அதற்காக மட்டத்தை மூடியிலிருந்து மூன்று அங்குலம் குறைத்து வையுங்கள். முட்டையைத் தண்ணீரில் தள்ளினால் உள்ளே இருக்கும் குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். இட்ட அன்று மெத்தென்று இருக்கும். அப்போது தொடக் கூடாது, ஓரிரு நாளில் இறுகிவிடும். மூடி போட்டு ஈரக்காற்று தங்கும்படி விட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் நிறம் வெளுத்துச் சாம்பலாகி, கடுகளவுக் குஞ்சுகள் தாமாகவே தண்ணீரில் விழும். ஒரு கொத்தில் நூற்றுக்கு மேலும் வரலாம். அத்தனைக்கும் இடமில்லை என்றால் கொத்தைச் சுரண்டி, ஓர் இரவு ஃபிரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். ஏரியிலோ வாய்க்காலிலோ விடவே கூடாது. இந்தக் குடும்பத்து நத்தைகள் பல நாடுகளில் நெற்பயிரை அழித்திருக்கின்றன.

மருந்து வாங்கும்போது லேபிளில் காப்பர் சல்ஃபேட் இருக்கிறதா என்று பாருங்கள். செம்பு எந்த நத்தையையும் கொல்லும்.

கேள்வி: செடியோடு வந்த பொடி நத்தைகள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. ஒழிக்க மருந்து உண்டா?

பதில்: உண்டு, வாங்காதீர்கள். எல்லாம் ஒரே நாளில் செத்து அழுகினால் அம்மோனியா ஏறி மீனும் போகும். அவை பெருகுவது நீங்கள் தீனி அதிகம் போடுவதற்கான அடையாளம். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். இரவில் ஒரு முட்டைக்கோஸ் இலையைப் போட்டு, காலையில் மொய்த்திருப்பதோடு தூக்கி எறியுங்கள். இரண்டு மாதத்தில் எண்ணிக்கை அடங்கும்.

கேள்வி: கப்பி குட்டி போட்டது. சாயங்காலம் பார்த்தால் ஒன்றுமில்லை. வலைப்பெட்டி வாங்கலாமா?

பதில்: பெரிய மீன்கள் தின்றிருக்கும், தாயும் விடாது. வலைப்பெட்டிக்குள் சினை மீனை நாள் கணக்கில் அடைத்தால் அது மிரண்டு, குறைப்பிரசவம் ஆவதுண்டு. அதற்குப் பதில் ஒரு பிடி வேலம்பாசியோ ஜாவா மாஸோ மேலே மிதக்க விடுங்கள். குட்டிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். எல்லாம் பிழைக்க வேண்டுமென்றால், வயிறு சதுரமாகி, வால் பக்கக் கரும்புள்ளி நன்றாகக் கறுத்ததும் தாயைப் பாசி போட்ட பத்து லிட்டர் வாளிக்கு மாற்றி, ஈன்றதும் எடுத்துவிடுங்கள். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும்.

குட்டிக்கு வழக்கமான தீனியையே விரலால் தூளாக்கித் தினம் மூன்று வேளை கொடுக்கலாம். முட்டை மஞ்சள்கரு கொடுக்கச் சொல்வார்கள். தண்ணீரை அவ்வளவு வேகமாகக் கெடுப்பது வேறில்லை. நன்றாக வளர ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிர்) பொரித்துக் கொடுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு, கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து பலமாகக் காற்று. நம் ஊர் வெயிலில் ஒரு நாளில் பொரியும். நான்கு, ஐந்து வாரத்தில் ஆணைப் பிரித்துவிடுங்கள். ஆணுக்கு அடித்துடுப்பு குச்சி போல நீளும்.

கேள்வி: வாங்கிய பத்தாம் நாள் ஏர் பம்ப் நின்றுவிட்டது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறது. மீன் செத்தாலும் இதே பதில்தானா?

பதில்: பம்ப் விஷயத்தில் அந்த வரி செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள். பில் தர மறுப்பதும் அதே வகைதான். முதலில் பில் படத்தோடு கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

மீன் விஷயம் வேறு. அது கடையில் கெட்டதா உங்கள் தொட்டியில் கெட்டதா என்று நிரூபிப்பது கஷ்டம். வாங்கும் இடத்திலேயே பாருங்கள். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிற மீன், உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி, ஒட்டிய வயிறு, அதே தொட்டியில் செத்த மீன், இதில் ஒன்றிருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லி, தின்கிறதா என்று பாருங்கள். விலை உயர்ந்த மீன் என்றால், எத்தனை நாளுக்குள் செத்தால் மாற்றித் தருவார்கள், அதற்கு என்ன ஆதாரம் வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

‘டேங்க் கிளீனர்’ என்று சக்கர் மீனைச் சேர்த்து விற்கப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். ஓரடிக்கு மேல் வளர்வது அது. உங்கள் தொட்டியின் அகலமே ஓரடிதான்.