அரபியில் நலம் விசாரிப்பது எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

குர்ஆன் ஓதுவேன், எழுத்தெல்லாம் தெரியும். பேச்சு அரபி இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். புத்தகத்தில் ‘கைஃப ஹாலுக’ என்று போட்டிருக்கிறது. வீடியோக்களில் ‘கேஃப் ஹாலக்’ என்கிறார்கள். எதைப் படிப்பது?
– வாசகர், கீழக்கரை

இரண்டையும்தான். முதலில் பிரித்துப் பார்த்துவிடுங்கள். ‘கைஃப’ என்றால் எப்படி. ‘ஹால்’ என்றால் நிலை. அதன்பின் வரும் ‘உ’ எழுவாய்க்குரிய வேற்றுமைக் குறி. கடைசி ‘க’தான் ‘உன்னுடைய’. ‘இருக்கிறது’ என்று ஒரு வினைச்சொல்லைத் தேடாதீர்கள், அரபியில் அது இந்த இடத்தில் வராது. நாம் ‘உடம்பு எப்படி?’ என்று கேட்டு நிறுத்துவதில்லையா, அதே கட்டுமானம்தான்.

மாறுவது வால் மட்டும். ஆணிடம் ஹாலுக, பெண்ணிடம் ஹாலுகி, பலரிடம் ஹாலுகும். இரண்டு பேருக்கு ஹாலுகுமா, பெண்கள் கூட்டத்துக்கு ஹாலுகுன்ன என்றும் உண்டு. தேர்வு எழுதுகிறவருக்கு இவை வேண்டும், பேசுகிறவருக்கு முதல் மூன்று போதும்.

ஓதத் தெரிந்த உங்களுக்கு வக்ஃபு (ஓதலில் நிறுத்தும் முறை) தெரியும். ‘ஆலமீன’ என்பதை நிறுத்தும்போது ‘ஆலமீன்’ என்று கடைசி உயிரை விட்டுவிடுகிறோம். அதே விதி இங்கேயும் உண்டு. ‘ஹாலுக’வை நிறுத்தினால் ‘ஹாலுக்’. ஆனால் ‘ஹாலுகி’யை நிறுத்தினாலும் ‘ஹாலுக்’தான் மிஞ்சும், ஆணா பெண்ணா என்பது தெரியாமல் போகும். பேச்சு வழக்கு அந்த வேறுபாட்டைக் க-வுக்கு முன்னாலேயே காட்டிவிடுகிறது: ஆணுக்கு ஹாலக், பெண்ணுக்கு ஹாலிக். கூடவே ‘கைஃப’ பல நாடுகளில் ‘கேஃப்’ ஆகிறது. புத்தக வடிவத்தை எழுதவும், பேச்சு வடிவத்தை வாயால் சொல்லவும் பழகுங்கள். கடையில் போய் ‘கைஃப ஹாலுக’ என்று முழு உயிரோடு சொன்னால் புரியும், ஆனால் செந்தமிழில் பேரம் பேசுகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

‘கேஃப் ஹாலக்’ என்று கேட்டேன். அலுவலக சிரியாக்காரர் சிரித்துவிட்டு, ‘மாமா நல்லா இருக்கார்’ என்றார். என்ன நடந்தது?
– வாசகி, நாகர்கோவில்

நீங்கள் கேட்டது அவருடைய தாய்மாமனை! அரபியில் மூன்று ஒலிகள் தமிழ்க் காதுக்கு ஒன்றுபோலத் தோன்றும். நிலையைக் குறிக்கும் ‘ஹால்’ தொண்டையின் நடுவிலிருந்து வரும் அழுத்தமான ஹ. காறுகிற ஒலியோடு ‘ஃகால்’ என்றால் தாய்மாமன். நம்முடைய சாதாரண, மெல்லிய ஹ-வில் ‘ஹால்’ என்றால் ஏலக்காய், வளைகுடாவில் ‘ஹேல்’ என்பார்களே அதுதான். அழுத்திச் சொல்ல வேண்டும் என்று முயன்று காறலுக்குப் போய்விட்டால் மாமா வருவார், அழுத்தாமல் விட்டால் ஏலக்காய் வரும்.

சரியான ஒலிக்கு ஒரு வழி: மூக்குக்கண்ணாடியைத் துடைக்க அதன் மேல் வாயால் ஆவி விடுவோமே, அப்படி ‘ஹா’ என்று விடுங்கள். இப்போது அதே ஆவியைத் தொண்டையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு விடுங்கள். நாக்கின் பின்பக்கம் அண்ணத்தைத் தொடக்கூடாது, தொட்டால் கரகரப்பு வந்து ஃக ஆகிவிடும். தொண்டையில் விரல் வைத்தால் ஹ சொல்லும்வரை அதிர்வு தெரியக்கூடாது, ஆ வரும்போதுதான் தெரிய வேண்டும். ஹால், ஃகால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லி, ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். சொல்லும்போது தெரியாத வித்தியாசம் கேட்கும்போது தெரியும்.

நெடிலையும் விடாதீர்கள். மெல்லிய ஹ-வோடு குறிலாக ‘ஹலக்’ என்றால் ‘அழிந்தான்’ என்று பொருள். நலம் விசாரிக்கப் போய் இது தேவையா? இன்னொன்று, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் ஒரு உகரத்தை ஒட்டி ‘ஹாலக்கு’ என்பது நம் வழக்கம். க்-கில் சட்டென்று நின்றுவிடுங்கள்.

குவைத்துக்கு வீட்டு டிரைவர் வேலைக்குப் போகிறேன். அங்கே ‘ஷ்லோனக்’ என்பார்களாமே?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

ஆமாம், குவைத், ஈராக், பஹ்ரைன், கத்தார், அமீரகம், சவூதியின் கிழக்குப் பகுதி எல்லாவற்றிலும் காதில் விழும். ‘லோன்’ என்றால் நிறம். ‘உன் நிறம் என்ன?’ என்பதே சொல்லுக்குச் சொல் பொருள். முகம் வெளுத்திருந்தால் உடம்பு சரியில்லை என்று நாமும்தானே கண்டுபிடிக்கிறோம். இன்று அந்த நிறத்தை யாரும் நினைப்பதில்லை, வெறும் ‘எப்படி இருக்கே’தான்.

ஆணிடம் ஷ்லோனக், பலரிடம் ஷ்லோன்கும். பெண்ணிடம் ஷ்லோனிச். இந்த ‘இச்’ வளைகுடாவின் அடையாளம். ஓமானில் பல இடங்களில் பெண்ணிடம் ‘ஹாலிஷ்’ என்பார்கள், ரியாத் பக்கத்து நஜ்து வழக்கில் ‘ஹாலித்ஸ்’ என்று விழும். நீங்கள் எல்லா ஊரிலும் ‘இக்’ என்றே சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் அவர்கள் ‘இச்’ என்னும்போது நீங்கள் விழிக்கக்கூடாது.

பதில்: ‘அல்ஹம்துலில்லாஹ் (இறைவனுக்கே புகழ்), ஸேன் (நலம்).’ பெண்ணானால் ‘ஸேனா’. (இந்த ஸ-வைத் தேனீயின் ரீங்காரம்போல அதிரவிட வேண்டும்.) உடனே ‘வின்த்த?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். பெண்ணிடம் ‘வின்த்தி?’ பதில் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை, அது அங்கே கடுகடுப்பாகத் தெரியும். அவர்களும் ஒரு கேள்வியோடு விடமாட்டார்கள். ஷ்லோனக், ஷக்பாரக் (என்ன சேதி), அசாக் பிஃகைர் (நலம்தானே) என்று மூன்று நான்கு அடுக்கடுக்காக வரும். ஒவ்வொன்றுக்கும் புதுப் பதில் யோசிக்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் அல்ஹம்துலில்லாஹ் போதும். இடையிலேயே லீவு கேட்பது, சம்பளம் கேட்பது வேண்டாம். அடுக்கு முடிந்து ஒரு மூச்சு விடுவார்கள், அதுதான் உங்கள் முறை.

எகிப்துக்காரர்கள் ‘இஸ்ஸய்யக்’ (பெண்ணிடம் இஸ்ஸய்யிக்) என்பார்கள், பதில் ‘குவய்யிஸ்’ அல்லது ‘குவய்யிஸா’. சிரியா, லெபனான்காரர்கள் ‘கீஃபக்’, ‘கீஃபிக்’, பதில் ‘ம்னீஹ்’, ‘ம்னீஹா’. ‘தமாம்’ (நன்று) என்ற பதில் இந்த நாடுகள் எல்லாவற்றிலும் செல்லும்.

பெரியவர்களிடம் ‘நீங்கள்’ என்று எப்படிச் சொல்வது?
– வாசகர், காத்தான்குடி

தமிழில் இருப்பதுபோல நீ–நீங்கள் பிரிவு அன்றாடப் பேச்சில் கிடையாது. எழுபது வயதுக்காரரிடமும் ஹாலக்தான், மரியாதைக் குறைவு இல்லை. மரியாதை விளிப்பில் வருகிறது. மூத்த மகன் பெயரைச் சேர்த்து ‘யா அபூ முஹம்மத்’ (முஹம்மதின் தந்தையே) என்று அழைத்துவிட்டுக் கேட்பது வளைகுடாவில் மிக உயர்வு. எகிப்தில் ‘ஹள்ரித்தக்’ (நம் ‘தாங்கள்’ போல) என்று ஒரு சொல்லைச் சேர்த்து ‘இஸ்ஸய் ஹள்ரித்தக்’ என்பார்கள். கடிதத்தில் பன்மை வால் ‘கும்’ மரியாதையைக் குறிக்கும். ஒரு ஆணுக்கு எழுதும் ‘அர்ஜூ அன் தகூன பிஃகைர்’ என்றால் ‘நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன்’. பெண்ணுக்கு எழுதினால் தகூனீ, பலருக்கு தகூனூ.

சவூதி மருத்துவமனையில் நர்ஸாகச் சேரப் போகிறேன். நோயாளியிடம் கேட்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

‘கேஃப் ஹாலக் அல்யோம்?’ – இன்று எப்படி இருக்கிறீர்கள்? இதற்கு வலியில் துடிக்கிறவர்கூட ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பார். அது நன்றி சொல்வது, நோய் நிலவரம் அல்ல. அதை வைத்துக் குறிப்பேட்டில் ‘வலி இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த கேள்வி கட்டாயம்: ‘இந்தக் அலம்?’ (வலி இருக்கிறதா?), பெண்ணிடம் ‘இந்திக் அலம்?’ பிறகு ‘வேன் அல்அலம்?’ (எங்கே வலி?). முந்தைய நாளோடு ஒப்பிட ‘அல்யோம் அஹ்சன்?’ – இன்று தேவலையா?

‘தஅபான்’ (பெண் ‘தஅபானா’) என்ற சொல்லுக்குக் களைப்பு என்று அகராதி சொல்லும். பேச்சில் ‘உடம்பு சரியில்லை’ என்பதும் அதுவே. யாராவது தஅபான் என்றால் தூங்கச் சொல்லிவிட்டு நகராமல், என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

விடைபெறும்போது ‘சலாமத்தக்’, பெண்ணிடம் ‘சலாமத்திக்’. சீக்கிரம் குணமாகட்டும் என்ற வாழ்த்து. அவர் ‘அல்லாஹ் யிசல்லிமிக்’ (இறைவன் உங்களைப் பத்திரமாக வைக்கட்டும்) என்பார். ‘மா தஷூஃப் ஷர்’ (தீங்கு காணாதிருங்கள்) என்பதும் வழக்கம், அதற்குப் பதில் ‘அஷ்ஷர் மா யிஜீக்’ (தீங்கு உங்களிடம் வராதிருக்கட்டும்).

லீவு முடிந்து திரும்பினால் முதலாளி ‘ஹம்துலில்லாஹ் அலஸ்ஸலாமா’ என்கிறார். நானும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றுதான் சொல்கிறேன். சரியா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

தவறென்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் பொருத்தமான பதில் ‘அல்லாஹ் யிசல்லிமக்’. பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு அவர் இறைவனைப் புகழ்கிறார், அவரையும் இறைவன் பத்திரமாக வைக்கட்டும் என்று நீங்கள் திருப்புகிறீர்கள். நோயிலிருந்து எழுந்தவரிடமும் இதே சொல், இதே பதில்.

‘வீட்டுக்காரம்மா எப்படி இருக்காங்க’, ‘சாப்பிட்டாச்சா’ – இதையெல்லாம் அரபியில் கேட்கலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

முதல் கேள்வியை ஆண்கள் வளைகுடா ஆணிடம் கேட்க வேண்டாம். ‘கேஃப் அல்அஹ்ல்?’ (குடும்பத்தார் எப்படி), ‘கேஃப் அல்இயால்?’ (பிள்ளைகள் எப்படி) என்று கேளுங்கள், மனைவியும் அதில் அடக்கம். தாய் தந்தையை ‘அல்வாலித்’, ‘அல்வாலிதா’ என்று கேட்பது பண்பாகக் கருதப்படும். இரண்டாவதைக் கேட்டால் நலம் விசாரிப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், நீங்கள் சாப்பிட அழைப்பதாக நினைப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் அரபி எழுதுகிறவர்கள் நடுவில் 7, 3 என்று எண் போடுகிறார்களே?
– வாசகி, கொழும்பு

7 என்பது நாம் மேலே பாடுபட்ட அந்த அழுத்தமான ஹ. 3 என்பது ‘ஐன்’ என்ற எழுத்து, தொண்டையை இறுக்கி அதிர்வோடு எழுப்பும் ஒலி. எழுத்து வடிவத்துக்கும் எண்ணுக்கும் உள்ள சாயலைப் பார்த்து வைத்தது. 5 ஃக, 2 ‘ஹம்ஸா’ (தொண்டையில் சட்டென்று நிறுத்தும் ஒலி). ஆக, 7 வந்தால் நிலை, 5 வந்தால் மாமா.

வேலை செய்துகொண்டிருப்பவரிடம் என்ன சொல்வது?
– வாசகர், சிவகாசி

‘யஃத்தீக் அல்ஆஃபியா’ – இறைவன் உனக்கு ஆரோக்கியம் தரட்டும். பதில் ‘அல்லாஹ் யுஆஃபீக்’. சிரியா, ஜோர்தான், வளைகுடாவில் காவலாளி, கடைக்காரர், டிரைவர் யாரிடமும் சொல்லலாம். மொராக்கோக்காரரிடம் மட்டும் வேண்டாம், அங்கே ‘ஆஃபியா’ என்றால் நெருப்பு. அவரிடம் ‘லா பாஸ்?’ (குறை ஒன்றும் இல்லையே?) என்று கேளுங்கள். பதிலும் ‘லா பாஸ்’ என்றுதான் வரும்.