ஜிம்முக்குப் புதியவர் 100 கிலோ ஸ்குவாட், டெட்லிஃப்ட் செய்ய எவ்வளவு நாளாகும்?

70 கிலோ எடையுள்ள, உடம்பில் கோளாறில்லாத இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காகப் போனால் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடைக் கம்பியைத் தூக்கி நிமிர்வது) சுமார் 3 முதல் 6 மாதம், ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 6 மாதம் முதல் ஒரு வருடம்.

கணக்குப் போட்டால் இன்னும் சீக்கிரம் முடிய வேண்டும். வெறும் கம்பியே 20 கிலோ. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ கூட்டினால் 32 தடவையில், அதாவது 11 வாரத்தில், 100 வந்துவிடும். நடைமுறையில் அப்படி நடக்காது. முதல் சில வாரம் எடை மளமளவென்று ஏறுவதற்குப் பெரும்பாலும் தசை வளர்ச்சி காரணமில்லை. இருக்கிற தசையை நரம்பு மண்டலம் நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தச் சலுகை தீர்ந்ததும் வேகம் குறையும். அப்புறம் சாப்பாடும் தூக்கமும்தான் பேசும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது நல்ல இலக்கு. இட்லி சாம்பாரை மட்டும் நம்பினால் அது எட்டாது.

டெட்லிஃப்ட் முந்துவதில் ஆச்சரியமில்லை. ஆழமாக உட்கார்ந்து எழ வேண்டியதில்லை, கம்பி நகரும் தூரமும் பொதுவாகக் குறைவு.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். அதனால் அவசரம் வேண்டாம். எடை ஏறவில்லை என்றால் 2.5 கிலோவுக்குப் பதில் 1.25 கிலோ கூட்டுங்கள், அல்லது 10 சதவீதம் இறக்கி மறுபடி ஏறுங்கள். பெண்களும் 50 வயதைத் தாண்டியவர்களும் 100 என்ற எண்ணை விட்டுவிட்டு, தங்கள் உடல் எடையளவு ஸ்குவாட்டை முதல் இலக்காக வைக்கலாம்.