‘போதும்’ தெரியாத நாய்: லேப்ரடார் கேள்வி பதில்

என் வீட்டில் இப்போது இருப்பது நான்காவது லேப்ரடார். நான் கால்நடை மருத்துவர் இல்லை, வளர்த்துப் பழகியவன் மட்டுமே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, குட்டிக்கு 5 மாதம். தண்ணீர்க் கிண்ணத்தில் காலை விட்டுக் கலக்கி, தரையெல்லாம் குளமாக்குகிறது. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை, பரம்பரை. இதன் மூதாதை, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு மீனவர்களோடு வாழ்ந்த செயின்ட் ஜான்ஸ் நாய். தூண்டிலிலிருந்து நழுவும் மீனைக் கவ்வுவதும் வலைக் கயிற்றைக் கரைக்கு இழுத்து வருவதும் அதன் வேலை. 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி பிரிட்டனுக்குப் போய், வேட்டையில் விழுந்த வாத்தை நீரிலிருந்து எடுத்துவரும் நாயாக மாறியது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்குள்ள கென்னல் கிளப் 1903-ல் இதைத் தனி இனமாக ஏற்றது. விரலிடுக்கில் சவ்வு, சுக்கான் மாதிரித் திரும்பும் தடித்த வால், எண்ணெய்ப் பசையுள்ள இரட்டை முடி எல்லாம் அந்த வேலைக்கு வந்தவை. அடி கனத்த கிண்ணம் வாங்குங்கள். துடைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: 14 மாத ஆண் நாய். தினமும் ஒரு மணி நேரம் ஓடவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் சோபாவைக் கிழிக்கிறது. இன்னும் ஓட வைக்கணுமா?

வேண்டாம். ஓட ஓட அதன் தெம்புதான் கூடும். நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கேட்கும். அதற்கு இல்லாதது ஓட்டம் இல்லை, வேலை. பந்தை எறிந்ததும் பாய விடாதீர்கள். உட்கார வைத்து, பந்து விழும் இடத்தைப் பார்க்க வைத்து, நீங்கள் சொன்ன பிறகு போய் எடுத்துவரச் சொல்லுங்கள். அது பழகியதும் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைத்து, மோப்பத்தால் தேட விடுங்கள். ஒரு வேளை உணவைத் தட்டில் போடாமல் புல்லில் இறைத்துத் தேடித் தின்னச் செய்யலாம். கால் மணி நேரம் மூக்கைப் பயன்படுத்திய நாய் தானாகப் போய்ப் படுக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: உடம்பு முழு நாயாகிவிட்டாலும் புத்தி முதிர 2 முதல் 3 வயது ஆகும். அதுவரை நல்ல சோபா வாங்காதீர்கள்.

கேள்வி: குட்டி கையைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. கோபக்கார நாயாகிவிடுமோ?

பல் மாறும் வயது, வாயால் தூக்கிப் பிழைத்த இனம் வேறு. அடிக்காதீர்கள். பல் பட்டதும் விளையாட்டை நிறுத்தி எழுந்து போங்கள். திரும்பி வரும்போது கவ்வ ஒரு பொம்மை கொடுங்கள். ஏழெட்டு மாத வயதில் பெரும்பாலும் குறைந்துவிடும்.

கேள்வி: சார், முதல் முறை நீந்த விடப் போகிறோம். தூக்கிப் போட்டால் தானாக நீந்தும் என்கிறார்களே?

தூக்கிப் போட்டால் நீந்தும். அடுத்த முறை கரைக்கே வராது. என் இரண்டாவது நாயை ஒரு நண்பர் ஆர்வக்கோளாறில் அப்படித்தான் தள்ளிவிட்டார். ஒரு வருடம் கணுக்கால் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. சரிவான கரையில், நீங்கள் முன்னால் இறங்கி நில்லுங்கள். முதுகில் கைப்பிடி உள்ள மிதவைச் சட்டை போடுங்கள்.

அதைவிட முக்கியம், எப்போது நிறுத்துவது என்பது. வாயைத் திறந்தபடி பந்துக்காகத் திரும்பத் திரும்பப் பாயும் நாய், தெரியாமலே ஏராளமான தண்ணீரை விழுங்கிவிடும். அதனால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து சரிந்தால் தள்ளாட்டம், வாந்தி, மந்தமான பார்வை, வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். தட்டையான மிதக்கும் பொம்மை நல்லது, வாயை அகலத் திறக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றி ஓய்வு கொடுங்கள். பச்சைப் பாசி ஆடை கட்டிய நீரில் இறக்கவே வேண்டாம்; சில பாசிகளின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். குளம் குட்டையில் இறங்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நீந்திய பிறகு காதில் புளித்த வாடை. வீட்டில் பழைய சொட்டு மருந்து இருக்கிறது, விடலாமா?

விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். நாயின் காதுக் குழாய் ‘எல்’ வடிவில் வளைந்தது, மேலே தொங்கும் மடல் காற்றை மறைக்கிறது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். வாடையோ பழுப்பு அழுக்கோ தலை உதறலோ இருந்தால் டாக்டர் பார்க்கட்டும். குணமான பிறகு ஒவ்வொரு நீச்சலுக்கும் பின் பஞ்சால் துடைத்து உலர்த்துங்கள். பட்ஸ் குச்சி கூடாது.

கேள்வி: நேற்று குளிர்ந்த நீரில் வெகுநேரம் நீந்தியது. இன்று வால் செத்த பாம்பாகத் தொங்குகிறது. ஒடிந்துவிட்டதா?

அநேகமாக வால் தசை பிடித்துக்கொண்டிருக்கும். லேப்ரடார்களிடம் இது அடிக்கடி நடப்பது, ஓய்வு கொடுத்தால் பொதுவாகச் சில நாளில் சரியாகும். ஒடிவோ வேறு கோளாறோ இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். நாம் போடும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இப்போதுதான் சாப்பிட்டது, மறுபடி பட்டினி கிடந்த மாதிரிப் பார்க்கிறது. பாவமாக இருக்கிறது அக்கா சொல்லுங்கள்.

அண்ணாதான், பரவாயில்லை. அது நடிப்பு என்று நானும் நினைத்திருந்தேன். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் காட்டியது வேறு: ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு ‘பாம்சி’ என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அதனால் வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. பசி நிஜம், தேவை நிஜமில்லை.

இரக்கத்துக்கு விலை உண்டு. 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. உணவைக் கண்ணளவில் போடாமல் எடை போட்டுக் கொடுங்கள். விலாவை லேசாகத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும்.

கேள்வி: பந்து விளையாடிய பத்தாவது நிமிடம் பின்னங்கால் இரண்டும் துவண்டு விழுந்தது. அப்போதும் பந்தை நோக்கித் தவழ்ந்தது. பிறகு எழுந்துவிட்டது. விட்டுவிடலாமா?

கூடாது. இந்த இனத்தில் பரம்பரையாக வரும் ஒரு குறை இப்படித்தான் தொடங்கும்: 5 முதல் 20 நிமிடக் கடும் ஓட்டம், பிறகு பின்னங்கால் தள்ளாட்டம். அரிதாக உயிரையும் எடுக்கும். மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். வெப்பத் தாக்கமும் இதயக் கோளாறும்கூட இப்படிக் காட்டலாம் என்பதால் உடனே காட்டுங்கள், அதுவரை பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். இனி எப்போது தள்ளாடினாலும் அந்த நொடியே நிறுத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். நாய் தானாக ஓட்டத்தை நிறுத்தாது.

கேள்வி: வெயிலுக்கு மொட்டை அடிக்கலாமா?

வேண்டாம். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. உள்முடியைச் சீவி எடுங்கள் போதும்.

கேள்வி: வீட்டைக் காவல் காக்குமா?

குரைக்கும். திருடன் உள்ளே வந்துவிட்டால் அவனிடமும் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

கேள்வி: எங்களுடையதற்கு 11 வயது, மூட்டு வலி. தண்ணீரைக் கண்டால் இன்னும் குதிக்கப் பார்க்கிறது. தடுப்பதா, விடுவதா?

டாக்டர் சரி என்றால் விடுங்கள். நீர் எடையைத் தாங்குவதால் மூட்டுக்கு இதமான பயிற்சி அது. கெடுப்பது குதிப்பதும் வழுக்கும் கரையும்; நடந்தே இறங்கட்டும். ஐந்து நிமிடத்தில் கூப்பிடுங்கள். காது மந்தமாகியிருந்தால் கையசைத்துக் கூப்பிட இப்போதே வீட்டில் பழக்குங்கள். கரையேறியதும் நன்றாகத் துவட்டிக் காயவைத்து, மெத்தென்ற படுக்கையில் படுக்க விடுங்கள்.