அப்பாவுக்குத் தெரியாமல் மருந்து கலக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில் அப்பா, அம்மா, பிளஸ் டூ படிக்கும் தம்பி மூவரும் இருக்கிறார்கள். அப்பா கைதேர்ந்த தச்சர். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் நிலைக்கதவு அவர் இழைத்ததுதான். 15 ஆண்டுகளாகக் குடிக்கிறார். இப்போதெல்லாம் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நின்று உளியைப் பிடிக்க முடிகிறது. ஆண்டுதோறும் ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாட்கள் குடிக்காமல் இருப்பார். மலையிலிருந்து திரும்பிய வாரமே தொடங்கிவிடுவார். சென்ற கார்த்திகையில் மாலை போட்ட இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள், சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். விரதத்தில் ஏதோ குறை என்று பயந்து மாலையைக் கழற்றிவிட்டோம். அன்றே குடித்தார், எல்லாம் அடங்கிவிட்டது.

'41 நாள் இருக்க முடிகிறவருக்கு, நம் மேல் பாசம் இருந்தால் 42ஆம் நாளும் இருக்க முடியாதா?' என்று அம்மா அழுகிறார். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி என்று விளம்பரம் பார்த்து, கூரியரில் வரவழைத்து வைத்திருக்கிறார், இன்னும் கலக்கவில்லை. மாமாவோ, வண்டியோடு ஆட்களை அனுப்பித் தூக்கிச் செல்லும் மையம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார். அப்பா வேலைக்குப் போகாத நாட்களில் மேஸ்திரிக்குப் போன் செய்து 'காய்ச்சல்' என்று சொல்வதும், அவர் வாங்கிய கைமாற்றை அடைப்பதும் நான்தான். அவர் திருந்திய பிறகே திருமணம் என்று இருக்கிறேன். அப்படி ஒரு நாள் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பொடியைக் கலக்க வேண்டாம் என்று இன்றே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. குடிநோய்க்கு மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை அதில் சேர்ந்திருந்தால் ஆபத்து மிகப் பெரிது. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரேலென்று இறங்கும். உயிர் போவதும் உண்டு. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரங்கள் வரைகூட இந்த ஆபத்து நீடிக்கலாம். அதனால்தான் கல்லீரலையும் இதயத்தையும் சோதித்து, 'இதை எடுத்துக்கொண்டால் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது' என்று நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதித்த பிறகே மருத்துவர்கள் அதை எழுதுகிறார்கள். தெரியாமல் கொடுக்கும்போது அந்தக் காப்பு முழுவதும் போய்விடுகிறது. என்றாவது ஒருநாள் அப்பாவுக்கு உண்மை தெரிந்தால், அம்மா கையால் சாப்பிடவே அவர் அஞ்சுவார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, சென்ற கார்த்திகையில் நடந்தது. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்த பகுதி அதுதான். அதற்கும் விரதக் குறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவரின் மூளை, மதுவின் அமுக்கத்தைத் தாங்குவதற்காகத் தன்னை எப்போதும் கூடுதல் வேகத்தில் வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றதும் அந்த வேகத்தைத் தடுக்க ஆளில்லாமல் போகிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாததைக் காணும் குழப்பமும் வருவது இதனால்தான். அப்பா கண்ட எறும்புகள் இந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகின்றன. இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது; ஒருமுறை வந்தவருக்கு, அடுத்த முறை திடீரென்று நிறுத்தும்போது மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே வீட்டில் பாட்டிலை ஒளித்து வைப்பது, அறையில் பூட்டி வைப்பது, சத்தியம் வாங்கிச் சட்டென்று நிறுத்தச் சொல்வது ஆகிய எதுவும் வேண்டாம். அவர் நிறுத்தும் முதல் வாரம் மருத்துவமனைக் கட்டிலில் கழிய வேண்டும். அங்கே மூளையின் வேகத்தைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, தயாமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மாமா சொல்லும் மையத்துக்கும் நான் சம்மதிக்க மாட்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. முடிவெடுக்கும் நிலையில் இல்லாத ஒருவரைச் சேர்ப்பதற்கும் அதில் தனியான நடைமுறை உண்டு. அதில் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். ஆட்களை வைத்துத் தூக்கிச் செல்வது அந்த நடைமுறையில் சேராது. வலிப்பு வரக்கூடிய ஒருவரை மருத்துவர் இல்லாத இடத்தில் பூட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை மாமாவிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவரும் அக்காவின் குடும்பத்தின் மேலுள்ள அக்கறையால்தான் பேசுகிறார்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியைப் பல தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 41 நாள் இருந்தவரால் 42ஆம் நாள் இருக்க முடியாமல் போவது பாசக் குறைவால் அல்ல. மாலை போட்டிருக்கும்போது அவருடைய நாள் முழுவதும் வேறொரு ஒழுங்கில் இருக்கிறது. விடியற்காலைக் குளியல், இரண்டு வேளைப் பூஜை, மாலையில் பஜனை, உடன் வரும் குருசாமி, எதிரே வருகிறவர் எல்லோரும் 'சாமி' என்று அழைக்கும் மரியாதை, கடைக்குக் கூப்பிடத் தயங்கும் பழைய நண்பர்கள். மாலையைக் கழற்றிய அன்றே இத்தனையும் ஒன்றாகக் கழன்றுவிடுகின்றன. குடியை நாடும் மூளை மட்டும் அப்படியே இருக்கிறது. நீண்டகாலச் சிகிச்சை, மாலை கழன்ற பிறகும் நிற்கக்கூடிய ஒழுங்கு ஒன்றை அவருக்கு உண்டாக்கித் தர முயல்கிறது. குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள், தொடர்ந்த ஆலோசனை, 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதிலிருந்து வளர்ந்து இன்று தமிழிலும் கூட்டங்கள் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ஆகியவை அதற்கு உதவுகின்றன. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் அந்தக் கூட்டத்தில் அப்பாவுக்கு இன்னொரு குருசாமி கிடைக்கலாம்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், தம் கணவர் டி.டி.ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின், 1980இல் அவர் பெயரிலான சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். உங்கள் ஊருக்கு அருகே, திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் அம்மையம் முகாம்கள் நடத்திக் கிராமத்திலேயே சிகிச்சை அளித்திருக்கிறது. குடிப்பவரோடு அவருடைய குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது அவர்களுடைய முறை. இதை உங்களுக்காகவே சொல்கிறேன். மேஸ்திரிக்கு நீங்கள் சொல்லும் காய்ச்சல் பொய்யும், நீங்கள் அடைக்கும் கைமாற்றும், குடியால் வரும் இழப்பு அப்பாவின் கண்ணில் படாமல் மறைக்கின்றன. பாசத்தால் செய்தீர்கள், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாதத்திலிருந்து இரண்டையும் நிறுத்துங்கள். வீட்டுச் செலவுக்கும் தம்பியின் படிப்புக்குமான பணம் அம்மாவின் கணக்குக்கு மட்டும் போகட்டும். அப்பா எப்போதாவது கை ஓங்கினால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அம்மா தயங்காமல் அழைக்கலாம். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது; சென்னையில் அதன் கூட்டத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

திருமணத்தை அப்பாவின் குடியோடு முடிச்சுப் போடாதீர்கள். அவர் மீள்வார் என்று நான் உறுதி தர முடியாது. மீள்பவர்களைக் கண்டிருக்கிறேன், இரண்டு மூன்று முறை சறுக்கிய பின் நிலைத்தவர்களே அவர்களில் அதிகம். சர்க்கரை நோயைப் போல ஆயுள் முழுதும் கவனித்து வாழ வேண்டிய நோய் இது. அதற்குத் தேதி குறித்துக்கொண்டு நீங்கள் காத்திருந்தால், ஒவ்வொரு சறுக்கலும் உங்கள் வாழ்க்கையைத் தள்ளிப்போட்ட குற்றமாக அவர் தலையில் ஏறும்; அந்தப் பாரமும் அவரைக் கடைக்குத்தான் அனுப்பும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவர் நிதானமாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், தம்பியை வெளியே அனுப்பிவிட்டு, நீங்களும் அம்மாவும் மட்டும் அவர் அருகே உட்காருங்கள். குடியைப் பற்றித் தொடங்காமல் அந்த எறும்புகளைப் பற்றித் தொடங்குங்கள்: 'அன்றைக்கு உங்களுக்கு வந்தது ஒரு நோயாம்ப்பா, அதற்கு மருந்து இருக்கிறதாம், நான் லீவு போட்டுக் கூட வருகிறேன்.' கை நடுக்கத்துக்கு வைத்தியம் என்றால் ஒரு தச்சர் வர இணங்கக்கூடும். மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் இலவச எண்ணிலும் தமிழில் பேசி ஆலோசனை கேட்கலாம். போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.