கனமான லென்ஸும் எடை குறைந்த ஃபிலிம் கேமராவும்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் நிக்கான் எஃப்எம்2 கேமராவும், 300 மி.மீ. எஃப் 2.8 மேனுவல் நிக்கார் லென்ஸும் உள்ளன. கேமராவை முக்காலியில் எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் லென்ஸின் முனை மெல்லத் தாழ்ந்துவிடுகிறது. புதிய முக்காலி வாங்க வேண்டுமா?

பதில்: முக்காலியை மாற்றுவதற்கு முன், பூட்டும் இடத்தை மாற்றுங்கள். உங்கள் கேமராவின் எடை 540 கிராம். லென்ஸின் எடையோ ஏறத்தாழ 2.5 கிலோ. கேமராவின் அடியிலுள்ள திருகில் பூட்டும்போது அந்த 2.5 கிலோவும் முன்னால் நீட்டி நின்று, நெம்புகோலைப் போல லென்ஸ் மவுண்ட்டையும் கேமராவின் அடிப்பகுதியையும் இழுக்கிறது. லென்ஸின் காலரைத்தான், அதாவது லென்ஸைச் சுற்றியிருக்கும், அடியில் திருகுத் துளை கொண்ட வளையத்தைத்தான், முக்காலியில் பூட்ட வேண்டும். கேமரா அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பொருள் மட்டுமே. பூட்டிய பிறகு, ஒரு கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டு, முக்காலித் தலையைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். முன்னோ பின்னோ சாய்ந்தால், காலரின் அடியில் நீளமான தகடு ஒன்றைப் பொருத்தி, சாயாமல் நிற்கும் இடம் கிடைக்கும்வரை நகர்த்துங்கள். ஃபிலிமைத் தானாக நகர்த்தும் எம்டி-12 மோட்டார் டிரைவைச் சேர்த்தால் அதன் எட்டு ஏஏ பேட்டரிகளின் எடையால் அந்த இடம் மாறும்; அப்போது மறுபடியும் பார்க்க வேண்டும். தூக்கும்போதும் லென்ஸைப் பிடித்தே தூக்குங்கள், கேமராவைப் பிடித்து அல்ல.

கேள்வி: அப்படியே பூட்டியிருக்கிறேன். 1/500 நொடியில் படம் கூர்மையாக வருகிறது, 1/15 நொடியில் கலங்குகிறது. காற்றே இல்லை, கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸும் பயன்படுத்தினேன். ஏன்?

பதில்: கேமராவுக்குள் இருந்து ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடிதான் காரணமாக இருக்கக்கூடும். அது மேலே எழும்பி மோதும் அதிர்வு, நீளமான லென்ஸ் முழுவதிலும் பரவி, ஒரு கணம் நீடித்து அடங்குகிறது. 1/500 நொடியில் அந்த அசைவு பதிய நேரமில்லை. பல நொடி எக்ஸ்போஷரில் அதிர்வு மொத்த நேரத்தின் சிறு பங்கே. இடைப்பட்ட 1/30 முதல் 1/4 வரையிலான வேகங்களில்தான் அது படத்தைக் கெடுக்கிறது. எஃப்எம்2-வில் கண்ணாடியை உயர்த்தி நிறுத்தும் தனி நெம்பு இல்லையென்றாலும், செல்ஃப் டைமரை இயக்கினால் கண்ணாடி முதலில் எழும்பிவிடும், ஷட்டர் சில நொடிகள் கழித்தே திறக்கும். அசையாத பொருளுக்கு இதைவிட எளிய தீர்வை நான் அறியேன். பறவை போன்று அசையும் பொருளானால் அந்தக் காத்திருப்பு உதவாது; அப்போது காலருக்கு நேர் மேலே லென்ஸின் மீது உள்ளங்கையை அழுத்தி வைப்பது அதிர்வை வெகுவாக உறிஞ்சும்.

கேள்வி: முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தலாமா?

பதில்: வேண்டாம். கால்களை நீட்டுங்கள்.

கேள்வி: லென்ஸின் குவிய வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் சுற்றுகிறது. பழுதா?

பதில்: இல்லை. இத்தகைய லென்ஸ்களில் நிறச் சிதறலைக் குறைக்கச் சேர்க்கப்படும் ஈடி கண்ணாடி வெப்பத்தால் விரிந்து குவிய இடம் சற்று மாறுவதால், அதற்காகவே கூடுதல் இடம் விடப்பட்டிருக்கிறது. ஆகவே நிலவையோ மலையையோ எடுக்கும்போது, வளையத்தை முட்டும்வரை சுற்றிவிட்டு எடுக்காமல், வியூஃபைண்டரில் பார்த்தே குவியுங்கள். ஐந்து மீட்டர் தொலைவில் எஃப் 2.8-இல் தெளிவாக வரும் ஆழம் ஏறத்தாழ 4.5 செ.மீ. மட்டுமே. ஃபிலிமில் தவறு கழுவிய பிறகே தெரியும் என்பதால், முக்கியமான காட்சியை வளையத்தைக் கலைத்து மறுபடி குவித்து இரண்டு மூன்று முறை எடுப்பது வீண்செலவு ஆகாது.

கேள்வி: இந்தச் சுமை தகுமா? குறைந்த ஒளியையே உள்ளே விடும் எஃப் 4.5 லென்ஸ் போதாதா?

பதில்: பகல் வெளிச்சத்தில் போதும், நிக்காரின் 300 மி.மீ. எஃப் 4.5 ஈடி லென்ஸ் ஒரு கிலோ அளவே இருக்கும். ஆனால் எஃப் 2.8-இல் 1/500 நொடி கிடைக்கும் வெளிச்சத்தில் எஃப் 4.5-இல் கிடைப்பது ஏறத்தாழ 1/200 நொடிதான். டிஜிட்டலைப் போலப் படத்துக்குப் படம் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர் திறனை, உயர்த்த முடியாத நமக்கு, அந்தி நேரத்தில் அந்த வேறுபாடு மிகப் பெரியது. அந்தியில் அடிக்கடி எடுப்பவரென்றால் சுமந்து செல்லுங்கள்.